ப்ளூ நோட் மறுபதிப்புத் தட்டுகளை வாங்கிச் சேர்ப்பது எப்படி

அமெரிக்க ஜாஸ் இசை நிறுவனமான ப்ளூ நோட்டுக்காக, சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' 1957 செப்டம்பர் 15 அன்று, நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவானது. அந்த ஒரு நாள் வேலையை இன்று 20 டாலருக்கும் வாங்கலாம், 40 டாலருக்கும் வாங்கலாம். நல்ல நிலையில் உள்ள முதல் பதிப்பென்றால் விலை ஆயிரங்களில் ஓடும். எல்லாவற்றிலும் அட்டைப் படம் ஒன்றுதான். ஊசியை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும். அதனால் வாங்கும் முன்பே மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள்: எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள் (டேப்பில் உள்ள ஒலியைப் பள்ளமாகச் செதுக்குவதுதான் வெட்டுவது), வெட்டியது யார், அச்சடித்தது எந்த ஆலை.

ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் '180 கிராம்' இந்த மூன்றுக்கும் விடை சொல்லாது. தட்டு கனமாக இருந்தால் கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும், கையில் எடுக்க நன்றாக இருக்கும். பள்ளத்தில் உள்ள ஒலி அதனால் மாறாது. குறுந்தட்டுக் கோப்பை எடுத்து 180 கிராமில் அச்சடித்து விற்பவர்கள் ஏராளம். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால், மூல டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத நிறுவனங்களும் இந்த ஆல்பங்களைச் சட்டப்படியே வெளியிடுகின்றன. அவற்றை அடையாளம் காண்பது எளிது. வெட்டியவர் பெயர் எங்கும் இருக்காது. 'டேப்' என்ற சொல்லே வராது. 'ஆடியோஃபைல்', 'டீலக்ஸ்', 'லிமிடெட்' போன்ற சொற்கள் மட்டும் தாராளமாக இருக்கும். மூலத்தில் இல்லாத போனஸ் பாட்டு ஒன்றைப் பக்கக் கடைசியில் திணித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

வெற்று வளையத்தைப் படிப்பது

பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் ஒரு வழவழப்பான வளையம் இருக்கும். பழைய தட்டு விற்பவர்கள் அதை டெட்வாக்ஸ் என்பார்கள். ஒரே ஒரு விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால், கையால் கீறியதும் அச்சாகக் குத்தியதுமான எழுத்துகள் தெரியும். பழைய ப்ளூ நோட் தட்டில் 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்று குத்தியிருந்தால் அவரே வெட்டியது. 1966 வரை ப்ளாஸ்டிலைட் ஆலையில் அச்சானவற்றில், காது மடல் போல வளைந்த ஆங்கில 'பி' ஒன்றும் இருக்கும். இன்றைய மறுபதிப்பில் 'கேபிஜி', ஒரு அட் குறி, 'சிஏ' என்று கீறியிருந்தால் வெட்டியவர் கெவின் கிரே, இடம் அவருடைய கோஹியரன்ட் ஆடியோ ஸ்டுடியோ. 'பிஜி' என்றால் பெர்னி கிரண்ட்மேன். 'ஆர்கேஎஸ்' என்றால் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோவின் ரயன் ஸ்மித். இணையத்தில் பயன்படுத்திய தட்டு வாங்கும்போது, விற்பவரிடம் இந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். அட்டையின் படம் மட்டும் அனுப்புபவரிடம் வாங்க வேண்டாம்.

எந்த வரிசை

புதிதாகத் தொடங்குபவருக்கு ப்ளூ நோட்டின் கிளாசிக் வினைல் வரிசை போதும். மூல டேப் நல்ல நிலையில் இருக்கும் ஆல்பங்களைக் கெவின் கிரே அந்த டேப்பிலிருந்தே வெட்டுகிறார், ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலை அச்சடிக்கிறது. அட்டை மெல்லியது, விலையும் குறைவு. 2019இல் தொடங்கிய டோன் போயட் வரிசைக்கும் அதே கெவின் கிரேதான் வெட்டுகிறார். அச்சு கலிஃபோர்னியாவின் ஆர்டிஐ ஆலையில். ஸ்டவ்டன் அச்சகத்தின் தடித்த மடிப்பட்டை, உள்ளே பதிவு நாளன்று எடுத்த புகைப்படங்கள். வரிசையைத் தயாரிக்கும் ஜோ ஹார்லிக்கு சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்ட் வைத்த பட்டப்பெயர்தான் 'டோன் போயட்'. கூடுதலாகக் கொடுக்கும் பத்துப் பன்னிரண்டு டாலரில் பெரும் பங்கு அட்டைக்கும் அச்சின் அமைதிக்கும்தான் போகிறது. படம் பார்க்கும் ஆசை இல்லாதவர் கிளாசிக்கிலேயே நின்றுகொள்ளலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ப்ரெஸ்டீஜ், ரிவர்சைடு போன்ற மற்ற ஜாஸ் நிறுவனங்களின் ஆல்பங்களுக்கு, கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் 2023இல் மறுபடி தொடங்கிய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையைப் பாருங்கள். இம்பல்ஸ், வெர்வ் ஆல்பங்களுக்கு அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை இருக்கிறது. அதன் அச்சு கேன்சஸின் சலைனாவில், கியூஆர்பி ஆலையில். கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' அதில் முதலில் வாங்க வேண்டியது.

வழக்கமான 33⅓க்குப் பதிலாக 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று) இரண்டு தட்டுகளாக வரும் பதிப்புகளுக்கு ஒரு உண்மையான நன்மை உண்டு. அதே நீளமான ஒலி 35 விழுக்காடு அதிக நீளப் பள்ளத்தில் விரிகிறது. அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல் ஒலி சிதைவது வெகுவாகக் குறையும். விலை என்னவென்றால், பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஆல்பத்துக்கு 33தான் சரி.

'ஒன்-ஸ்டெப்' என்பது வேறு சமாச்சாரம். வழக்கமாக, முதலில் பள்ளம் வெட்டிய மென்பூச்சுத் தட்டான லாக்கரிலிருந்து ஃபாதர், அதிலிருந்து மதர், அதிலிருந்து தட்டை அச்சடிக்கும் ஸ்டாம்பர் என்று மூன்று முறை உலோகம் பூசி எடுப்பார்கள். ஒன்-ஸ்டெப்பில் முதல் உலோகத்தையே ஸ்டாம்பராக அச்சு எந்திரத்தில் மாட்டிவிடுவார்கள். நடுவில் நகல் இல்லாததால் நுண்விவரம் மிஞ்சும். ஆனால் ஸ்டாம்பர் தேய்ந்ததும் மறுபடி லாக்கர் வெட்ட வேண்டும். அதனால்தான் விலை 100 டாலரைத் தாண்டுகிறது. முதல் இருபது ஆல்பம் சேரும்வரை இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

'முழு அனலாக்' என்ற சொல்லையும் ஆராய்ந்தே நம்புங்கள். 2022 ஜூலையில், மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனம் பல ஆண்டுகளாக டேப்பை டிஎஸ்டி டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்தே வெட்டிவந்தது வெளியில் தெரிந்து வழக்குவரை போனது. அந்தத் தட்டுகளை அதுவரை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்தவர்களில் டிஜிட்டல் வெறுப்பாளர்களும் இருந்தார்கள். ஆக, டிஜிட்டல் படி இருப்பதாலேயே ஒலி கெடும் என்று முடிவுகட்ட முடியாது. மறைத்து விற்றதுதான் குற்றம்.

மோனோவா, ஸ்டீரியோவா

வான் கெல்டர் 1957இல் இரண்டுக்கும் தனித்தனி டேப் ஓட்டினார். 1958 இறுதிக்குப் பிறகு ஸ்டீரியோ டேப் மட்டும். அதன் இடது, வலது ஒலிகளைக் கலந்துதான் மோனோ தட்டு வந்தது. எனவே 1960க்குப் பிந்தைய ஆல்பத்தின் மோனோவைத் தேடி அலைவதில் பெரிய பலன் இல்லை. 'ப்ளூ ட்ரெயின்' விஷயம் வேறு: டோன் போயட்டில் 2022இல் மோனோ ஒரு தட்டாகவும் ஸ்டீரியோ இரண்டு தட்டாகவும் தனித்தனியே வந்தன. ஆரம்பகால ஸ்டீரியோவில் ஊதுகருவிகள் ஒரு ஓரத்திலும் தாளம் மறு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு மோனோ சுகம். சோனி ரோலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' 1956இல் மோனோவாக மட்டுமே பதிவானது. அதற்கு 'ஸ்டீரியோ' என்று போட்டு விற்றால் பின்னாளில் செயற்கையாகப் பிரித்தது.

மறுபதிப்பு மூலத்தைவிட நன்றாக இருக்குமா என்பது தீராத சண்டை. அன்றைய மலிவான டர்ன்டேபிளில் ஊசி துள்ளிவிடக் கூடாது என்று வான் கெல்டர் வெட்டும்போதே கீழ்ச்சுரத்தைக் குறைத்து, ஒலி ஏற்ற இறக்கத்தை இறுக்கினார். இன்று டேப்பில் இருப்பதை அப்படியே வெட்டுகிறார்கள். அதனால் பாஸ் வாத்தியத்தின் அடி ஒலி மறுபதிப்பில்தான் முழுசாகக் கேட்கும். ட்ரம்பெட் முகத்தில் அறைவது போன்ற அந்த வேகம் பழைய தட்டில். அவருடைய பியானோ ஒலி பெட்டிக்குள் அடைத்தது போல இருப்பது டேப்பிலேயே உள்ள குணம். எந்தப் பதிப்பு வாங்கினாலும் அது போகாது.

தட்டு வந்து சேர்ந்த அன்று

அஞ்சல் பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுங்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பெட்டி கீழே விழுந்திருந்தால் தட்டின் ஓரமே கத்தி மாதிரி அட்டையைக் கிழித்திருக்கும். பிறகு திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டுவிடுங்கள். பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் புகார் சொல்ல இடமிருக்காது.

'டிக்' சத்தம் கேட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 1.8 விநாடிக்கு ஒருமுறை மாறாமல் வந்தால் அது கீறலோ, அச்சில் சிக்கிய துகளோ, கொப்புளமோதான், கழுவினால் போகாது. தாறுமாறாக வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம். 45 வேகத்துக்கு அந்தக் கணக்கு 1.33 விநாடி.

துணி கிழிவது போன்ற 'ஸ்ஸ்ர்ர்ப்' ஓசை ஒரு பக்கமாகச் சில சுற்றுகள் நீடித்தால் அது 'நான்-ஃபில்'. உருகிய பிளாஸ்டிக் ஸ்டாம்பரின் பள்ளம் முழுதும் இறங்கும் முன்பே இறுகிப்போனதால் வருவது. விளக்கில் சாய்த்தால் தையல் போட்டது போன்ற சாம்பல் நிறக் கோடு தெரியும். இதற்கு மருந்தே இல்லை, உடனே மாற்றக் கேளுங்கள். அதே கடையின் அடுத்த பிரதியிலும் அதே இடத்தில் இருந்தால் அந்த அச்சுச் சுற்று முழுவதிலும் குறை இருக்கலாம். சில மாதம் பொறுத்து வாங்குங்கள்.

துளை நடுவில் இல்லாத தட்டை ஜாஸ் ரசிகர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார், காரணம் பியானோ. நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரம் மேலும் கீழும் அலையும். ஊசி ஒவ்வொரு சுற்றிலும் 1 மி.மீ. அங்குமிங்கும் ஆடினால் துளை அரை மி.மீ. விலகியிருக்கிறது என்று பொருள். தட்டின் வெளியோரத்தில் அது 0.34 விழுக்காடு சுருதி மாற்றம். மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளியிருக்கும் கடைசிப் பாட்டில் அதே விலகல் 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகிறது, அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

புகார் எழுதும் முன் உங்கள் பக்கத்தையும் சரிபாருங்கள். ஊசியின் எடையைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆர்டோஃபோன் 2எம் ப்ளூவுக்கு 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95க்கு 2 கிராம். தட்டுக்குப் பயந்து எடையைக் குறைத்தால் ஊசி பள்ளத்துக்குள் தத்தித் தத்திப் போய்ச் சுவரைச் சிதைக்கும்; கூடுதல் எடையைவிட இதுதான் அதிகம் கெடுக்கும்.

கழுவுவதும் அடுக்குவதும்

புதுத் தட்டையும் ஒருமுறை கழுவுங்கள், உள்ளுறைக் காகிதத்தின் துகள்கள் பள்ளத்தில் இருக்கும். டிஸ்டில்டு தண்ணீர் ஒரு லிட்டர், ஃபிலிம் கழுவுவோர் பயன்படுத்தும் இல்ஃபோட்டோல் சில துளி, மென்மையான பிரஷ். பிறகு வெறும் டிஸ்டில்டு தண்ணீரில் அலசல். குழாய்த் தண்ணீர் உப்புப் படிய விடும். சிலர் கலவையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள், வினைலுக்குக் கேடில்லை. ஆனால் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் இருந்தால் அந்தப் பாட்டில் பக்கத்திலேயே வரக் கூடாது. அவை ஷெல்லாக், ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

உள்ளே வரும் முரட்டுக் காகித உறையை எடுத்துவிட்டு நிலைமின்சாரம் பிடிக்காத பாலிஎத்திலீன் உறை போடுங்கள். தடித்த, கண்ணாடி போலப் பளபளக்கும் பிவிசி வெளியுறையைத் தவிருங்கள்; ஆண்டுக்கணக்கில் தட்டோடு ஒட்டிக் கிடந்தால் பனி படர்ந்தது போல் தட்டின் மேல் மங்கல் ஏறும், அதைக் கழுவி எடுக்க முடியாது. கடைக்காரர் சுற்றிய இறுக்கமான பிளாஸ்டிக்கைப் பிரித்துவிடுங்கள், வெயில் நாளில் அது சுருங்கித் தட்டை வளைக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை பூக்கும்.

தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், சாயக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவும் கூடாது. நூறு தட்டு என்றால் 30 முதல் 35 கிலோ. டோன் போயட் போன்ற மடிப்பட்டைகள் இதைவிடக் கனம், இடமும் அதிகம் பிடிக்கும். துணி அலமாரிக்குப் போட்ட மெல்லிய பலகை ஓராண்டில் நடுவில் தொய்ந்துவிடும். 33 செ.மீ. அகலத்துக்கு ஒரு நிற்கும் பலகை வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு இரண்டு மடங்கு விலை கொடுக்க ஓடாதீர்கள். டோன் போயட் தட்டுகளில் பல மறுபடி அச்சாகின்றன. ஒற்றைத் தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவே தட்டின் விலையை நெருங்கும். வேண்டியவற்றைக் குறித்து வைத்து, ஐந்தாறு சேர்ந்ததும் ஒரே பெட்டியில் வாங்குங்கள். பெட்டியின் இரு பக்கமும் தடித்த அட்டை வைத்து அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள்.