சங்கத்தில் சேருமுன் சறுக்கும் இடங்கள்

எங்கள் கோத்தகிரிப் பக்கம் சங்கம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாதச் சந்தா கட்டினால், வீட்டில் இறப்பு நேரும்போது அடக்கச் செலவுக்கு ஒரு தொகை தருவார்கள். பந்தல் போட, குழி வெட்ட ஆட்களும் வருவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேரும்போது நாம் காட்டும் அலட்சியம், பணம் வேண்டிய அன்றுதான் தெரியவரும்.

என் சித்தப்பா எஸ்டேட்டில் கவாத்து வெட்டியவர். பதினோரு வருடம் சந்தா கட்டினார். அவர் போன அன்று சித்தி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சங்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். கடைசி நான்கு கட்டங்களில் கையெழுத்து இல்லை. முட்டி வலியால் வேலைக்குப் போகாத மாதங்கள் அவை. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை வைத்தால் உதவி கிடையாது என்பது விதி. எங்கள் வீட்டில் யாரும் அதைப் படித்ததே இல்லை. வாரிசு என்ற இடத்தில் எப்போதோ இறந்துபோன பாட்டியின் பெயர் வேறு. செயலாளர் நோட்டைப் புரட்டினார், எங்களைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்? வந்திருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுத்தான் அன்றைய காரியம் நடந்தது.

ஆகவே துணை விதிகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்து எத்தனை மாதம் கழித்து உதவி கிடைக்கும், நிலுவை எவ்வளவு வரை பொறுப்பார்கள், பெற்றோர் இறந்தாலும் உண்டா, இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். கல்யாணமோ இறப்போ நடந்தால் வாரிசு பெயரை மாற்றுங்கள்.

அடுத்த தவறு, சங்கத்தையே காப்பீடாக நினைப்பது. உறுப்பினர்கள் கொடுப்பதுதான் சங்கத்தின் பணம். அது வற்றினால் உதவியும் நின்றுவிடும். வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 18 வயதிலிருந்து 50 வயதுக்குள் சேரலாம். வருடத்துக்கு 436 ரூபாய், இறந்தால் 2 லட்சம். இதையும் வைத்துக்கொண்டு சங்கத்திலும் இருங்கள். அடக்கத்தன்று குழி வெட்ட வங்கியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

உறுப்பினர்களின் வயதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1868இல் தொழிலாளர்கள் இப்படி ஒரு சகோதரச் சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போடுவார்கள். அதைப் பார்த்துப் பல சங்கங்கள் முளைத்தன. உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏற இறப்புகள் கூடின, வசூலும் கூடியது, இளைஞர்கள் ஒதுங்கினார்கள். பல சங்கங்கள் அப்படியே படுத்துவிட்டன. இங்கே பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள், சந்தா கட்டுவது பெரியவர்கள்தான். "சாவுக்கு ஆளுக்கு நூறு" என்று நடக்கும் சங்கமென்றால் இருப்புநிதி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதிவு எண்ணையும் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே பதிவு செய்யலாம். அதனால் எண் இருப்பது மட்டும் பெரிய விஷயமில்லை, வருடாவருடம் பொதுக்குழு கூடிக் கணக்கு வாசிக்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

சங்கத்தின் பேரில் ஊர்ச் சேவை என்று இறங்கும்போது ஆர்வக்கோளாறு வேண்டாம். புல்வெளியைக் கண்டதும் காலி இடமென்று கன்று நடுகிறார்கள். இந்த மலையின் புல்வெளி மழைநீரைப் பிடித்து ஓடைக்கு விடுகிற இடம். முன்பு அதில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதன் பலனைத்தான் இன்னும் பார்க்கிறோம். வனத்துறையைக் கேட்காமல் காட்டுக்குள் எதையும் நடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் மண்வெட்டியோடு ஓடுவதும் அப்படித்தான். ஒருமுறை சரிந்த மேடு மறுபடி சரியும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யார் மறந்தார்கள்? முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள். அப்புறம் மேலே உள்ள வீட்டுக்காரர்களைக் கீழே அழைத்து வருவது, கஞ்சி காய்ச்சுவது என்று நமக்கு வேலை நிறையவே இருக்கும்.

கடைசியாக, கூட்ட நேரம். எங்கள் சங்கம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடும். பனி இறங்கிவிடும், கடைசி பஸ் போய்விடும், பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிறு காலைக்கு மாற்றினோம். முதல் கூட்டத்திலேயே ஒரு அக்கா கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஏங்க, ஒரே ஜமுக்காளத்தை ரெண்டு தடவை வாங்கியிருக்கீங்களே?" என்றார்.