மலேசியாவின் தெலுக் இந்தானில் துணிமணியும் வீட்டுச் சாமானும் வாங்கப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து புறப்படும் முன் பெட்டியில் எதை வைப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, போர்வையையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டு மிக்சியை வையுங்கள் என்பதுதான். இங்கும் மின்சாரம் நம் ஊரைப் போலவே 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே நம் மிக்சி இங்கே தடையின்றி ஓடும். அதன் உருண்டைக் கம்பிப் பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு, தட்டையான மூன்று கம்பிகள் கொண்ட இந்நாட்டுப் பிளக்கை மாட்ட வேண்டும். வாங்கும் பிளக்கில் சிரிம் எனும் இந்நாட்டுத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டி, பருத்திச் சட்டை, தைத்த ரவிக்கை ஆகியவற்றையும் கொண்டுவரலாம், ஏனெனில் இங்கே தையல் கூலி நம் ஊரைவிட மிக அதிகம். தோசைக்கல்லைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எண்ணெய் குடித்துப் பழகிய கல்லை, பெட்டியின் எடை கூடினாலும், ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். மற்றபடி வாளி, பாய், குடை, கரண்டி, தலையணை எல்லாம் இங்கே மலிவாகவே கிடைக்கின்றன.

செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பேராக் ஆற்றங்கரையில் இருக்கும் இவ்வூருக்கு 1982 வரை தெலுக் ஆன்சன் என்று பெயர். 1885இல் எழுப்பப்பட்ட சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், கீழே கடையும் மேலே வீடுமாக ஆங்கிலேயர் காலத்துக் கடைவீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் நனையாமல் வாடாமல் ஒரு தெரு முழுவதும் நடக்கலாம். அந்தப் பழைய கடைகளில் துணி, காலணி, அலுமினியப் பாத்திரம் வாங்கும்போது மரியாதையாக விலை குறைத்துக் கேட்பதில் தவறில்லை. பேரங்காடிகளில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. அங்கே நின்று பேரம் பேசினால் பணம் வாங்கும் பெண் உங்களை விசித்திரமாகப் பார்ப்பாள். ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு முழுமைப்படுத்துவது 2008 முதல் உள்ள நடைமுறை. ஓரிரு காசு கூடியதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த முறை அது குறையவும் செய்யும்.

கைலி, நைட்டி, வீட்டுச் செருப்பு போன்றவற்றுக்கு வாரம் ஒருமுறை கூடும் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை போதும். ஜப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் பழைய உடுப்புகளை விற்கும் பண்டல் கடைகளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நல்ல முழுக்கைச் சட்டைகளும் கால்சட்டைகளும் அங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், கொதிநீரில் துவைத்து உடுத்தினால் ஒரு குறையும் இராது. தோல் சப்பாத்து, அதாவது ஷூ, வாங்குவதை மட்டும் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் இந்த ஈரக் காற்றில் சில வாரங்கள் போடாமல் வைத்தாலே அதில் பூஞ்சை படர்ந்துவிடும். அளவு எண்களில் இரு முறைகள் கலந்து கிடக்கின்றன. நம் 8 என்பது பல சப்பாத்துகளில் ஏறக்குறைய 42 என்று எழுதியிருக்கும், ஆகவே காலை நுழைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். தோட்டத்தில் வேலைக்கு வருபவர்கள் பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் ஆகியவற்றைச் சொந்தக் காசில் வாங்கவே கூடாது. வேலைக்குத் தேவையான பாதுகாப்புப் பொருள்களுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கிராணி எனப்படும் தோட்ட எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னவற்றில் ஏமாந்தால் பத்து, இருபது வெள்ளியோடு (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்) போய்விடும். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மின்சாதனக் கடைகளில் நடக்கும் தவணை வியாபாரம்.

நம் ஊரிலும் தவணை உண்டு. பாத்திரக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து குடத்தை வைத்துவிட்டு, வாராவாரம் வந்து பணம் வாங்கிப் போவார். அப்பாவைத் தெரிந்தவர், தெருவைத் தெரிந்தவர், ஒரு வாரம் தவறினால் அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகக்கூடியவர். அந்த நினைப்போடுதான் மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் இங்கே ஒரு கடைக்குள் போனார். பெயர் வேண்டாம், எந்தத் தெரு என்பதும் வேண்டாம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு துணி துவைக்கும் இயந்திரம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, "மாசம் 65 வெள்ளிதான் அண்ணே" என்றார். எத்தனை மாதம் என்று நண்பர் கேட்டார், 24 என்றார்கள். அதைப் பெருக்கினால் 1,560 வெள்ளி ஆகிறது. அதே இயந்திரம் நான்கு கடை தள்ளி ரொக்கத்துக்கு 850 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆனால் மாதம் எவ்வளவு என்று காதில் விழுந்தவுடன் மொத்தம் எவ்வளவு என்ற கேள்வி மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது, அதற்காகவே அப்படிச் சொல்கிறார்கள்.

விலை அதிகம் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உத்தரவாதத்துக்கு ஆள் இல்லாததால், அவருடைய வங்கி அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்" என்று பக்கத்தில் நின்ற நம்மவர் ஒருவரே எடுத்துச் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். அதற்குப் பின் சம்பள நாளன்று கடைக்காரரே பணத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தார். ஒரு மாதம் சம்பளம் தாமதமானது; மறுமாதம் இரண்டு தவணையும் தாமதக் கட்டணமும் சேர்ந்து போயின. எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி என்பதற்கு அவரிடம் இருந்தது ஓர் அட்டைத் துண்டும் அதில் யாரோ போட்ட கிறுக்கலும்தான். அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் போகவில்லை. அவருடைய அம்மா மருந்துக் கடையில் கடன் சொல்லி வாங்கியதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, முழுச் சம்பளத்தோடு வேலை பார்க்கும் ஒரு மனிதர் என் எதிரே உட்கார்ந்து அழுதார்.

முடிவில் அவர் நேராக வங்கிக் கிளைக்குச் சென்று பழைய அட்டையை ரத்து செய்து புதியது வாங்கினார். அதற்குக் கடவுச்சீட்டு மட்டுமே தேவைப்பட்டது. நல்ல வேளையாக அதை அவர் கொடுத்திருக்கவில்லை. வேறு சில கடைகளில் அதையும் கேட்கிறார்கள். உரிய அதிகாரமின்றி மற்றவரின் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்பவர் எவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

தவணையில் வாங்கியே தீர வேண்டும் என்றால், 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையும், ரொக்க விலையும் தவணைக்கான கூடுதல் கட்டணமும் அதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மலாய் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்; கடைக்கு ஆள் பிடித்துத் தருபவரிடம் காட்டாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் கையால் துவைத்துப் பணம் சேர்த்து ரொக்கமாக வாங்குவதுதான் என் கட்சி. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் தோட்டக் கடைப் பற்றுக்குச் சம்பளம் முழுவதையும் கொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவ்வூரில் இருக்கிறார்கள். அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

வாங்கிய பொருள் பழுதானால், "விற்ற பொருள் மாற்றப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் கண்டு திரும்பிவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அந்த ஒரு வரி பறித்துவிடாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஆனால் ரசீது வேண்டும். இங்குள்ள கடைகளில் தரும் மெழுகுத்தாள் போன்ற ரசீதில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துப்போகும். ஆகவே கடையை விட்டு இறங்குவதற்கு முன், ஐந்தடி நடைபாதையிலேயே நின்று, கைப்பேசியில் அதைப் படம் எடுத்து ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.