நிறத்தைப் பார்த்து பீச் கன்று வாங்காதீர்கள்

"என்ன ரகம்?" என்று நர்சரியில் கேட்டேன். "நல்லா சிவக்கும்" என்று பதில் வந்தது. அந்த மரம் ஆறு வருஷம் நின்றது. சிவக்க ஒரு பழம்கூடக் காய்க்கவில்லை.

பீச் என்பது குளிர்காலத்தில் தூங்கி எழ வேண்டிய மரம். 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்பெர்ட்டா என்ற பழைய ரகத்துக்குச் சுமார் 800 மணி நேரம் வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில், குளிர் அதிகமான செரெஸ் மலைப் பக்கம் அது சரிப்படலாம், கடலோர டர்பனில் நடக்காது. மரம் செத்தாலும் பரவாயில்லை, சாகவும் மாட்டாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, கிளை நுனியில் மட்டும் தளிர்த்து, எருவைத் தின்றுகொண்டு நிற்கும்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1982-இல் வெளியிட்ட ஃப்ளோர்டாபிரின்ஸ் ரகத்துக்குச் சுமார் 150 மணி நேரம் போதும். டர்பன் கடலோரத்தில் அதுவே சந்தேகம்தான், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறினால் நம்பிக்கை உண்டு. பூத்து எண்பது நாளுக்குள் பழுத்துவிடுவதால் பழ ஈ பெருகுவதற்குள் பறித்துவிடலாம். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் பெயரிலேயே ஒரு பழ ஈ உண்டு; அப்படிப்பட்ட ஊரில் இது சின்ன லாபமில்லை. அதற்காக, உறைபனி தங்கும் பள்ளத்தில் இதை வைக்காதீர்கள். சீக்கிரம் பூக்கும், பூ கருகிவிடும்.

இரவுக் குளிரை மட்டும் கணக்கில் சேர்ப்பது இன்னொரு தவறு. மதியம் வெயில் ஏறினால் இரவில் சேர்த்த குளிரில் கொஞ்சம் கரைந்துபோகும்.

அப்புறம் அந்தச் சிவப்பு. புது ரகங்கள் பலவும் காயாக இருக்கும்போதே சிவந்துவிடும். சிவப்பு படியாத இடத்தில், காம்போரமாகப் பாருங்கள்; பச்சை மாறி மஞ்சளானால்தான் பறிக்கலாம்.

ஆரஞ்சு ஆற்றங்கரை ஊரின் பெயர் கொண்ட ககாமஸ் ரகத்தை வாங்கிவிட்டு, "கொட்டை பிரியவில்லை, சாறு ஒழுகவில்லை" என்று குறைப்படுபவர்களும் உண்டு. அது டப்பாவில் அடைக்கிற ரகம், வேகவைத்தாலும் குழையாது. சட்னி போட எனக்கு அதுதான் பிடிக்கும்.

பிஞ்சைக் கழிக்காமல் விட்டு, பழம் சிறுத்தால் ரகத்தைத் திட்டுகிறோம். பிஞ்சுக்குப் பிஞ்சு ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 முதல் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். முதல் காய்ப்பை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், மூன்று அறுவடையாவது பாருங்கள்.

கன்று வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே என்ன வேர் என்றும் கேளுங்கள். மணல் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருந்து, வேர் அதைத் தாங்காத வகையாக இருந்தால், மேலே எந்த ரகம் இருந்தும் தேறாது.