மண்வெட்டிக்கு முன்னால் பட்டா

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மாவட்டத்துக்கு வருஷம் முழுக்க சராசரியாகக் கிடைப்பதே அதைவிடக் கம்மி. விளாத்திகுளம் பக்கம் என் பிஞ்சையில் வரப்பு அறுத்துக்கொண்டு போனது. அடுத்த ஐப்பசியில் நேர்மாறு: உளுந்து பூப்பிடிக்கிற நேரம் இருபது நாள் வானம் மூடவே இல்லை. அதிகமாகப் பெய்வதைப் பிடித்து, பெய்யாத நாளில் விட வேண்டும். இதற்குப் பண்ணைக்குட்டை வெட்டவும் சொட்டுநீர்க் குழாய் போடவும் அரசாங்கத்தில் பணம் இருக்கிறது, நிலத்துக்கு அடிக்கக் கண்மாய் மண்ணும் இருக்கிறது. வாங்குவதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை பட்டா. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" எனக்கு மாமனார் பெயரில் இருந்தது. அவர் போய் பதினோரு வருஷம், வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். இரண்டு பேருக்கும் வாரிசுச் சான்று வாங்கி, கொழுந்தனார்கள், நாத்தனார் எல்லோரிடமும் கையெழுத்துப் பிடித்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து உட்பிரிவு போட்டு என் பெயர் ஏற ஒன்பது மாசம். கூட்டுப் பட்டாவாகவே விட்டால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். ஒரு தடவை மனம் கோணினால் போச்சு.

பட்டா வந்ததும் அதே புல எண்ணுக்கு அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவு) புல வரைபடமும் எடுங்கள். இரண்டும் இ-சேவை இணையதளத்திலேயே கிடைக்கும். தண்ணீர் இறங்கி வருகிற தாழ்வான மூலைதான் குட்டைக்கு நல்ல இடம் என்று நான் குறித்து வைத்திருந்தேன். வரைபடத்தில் அந்த மூலையை ஒட்டி ஓடைப் புறம்போக்கு. நாற்பது வருஷமாக உழுது உழுது ஓடை எங்கள் வரப்புக்குள் வந்திருக்கிறது. அதில் குட்டை வெட்டினால் நீர்வழி ஆக்கிரமிப்பு. பதினைந்தடி உள்ளே தள்ளிக் குறித்தேன்.

குட்டைக்கு நான் போனது நூறு நாள் வேலை வழி. வேலை அட்டை இருக்கிற சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலும் அதில் பண்ணைக்குட்டை வெட்டலாம். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கும், என்னைப் போலப் பெண் தலைமையில் இருக்கிற வீட்டுக்கும் முன்னுரிமை. ஆனால் ஊர்ப் பணிப் பட்டியலில் உங்கள் புல எண் ஏறியிருக்க வேண்டும். ஏற்றுகிற இடம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு சபை. அடுத்த வருஷத்துப் பணிகள் பேசப்படுவது அக்டோபர் 2-ல். அன்றைக்கு மனுவோடு போய், தீர்மானத்தில் பெயரும் புல எண்ணும் எழுதுகிற வரை நகராதீர்கள். "எழுதிக்கிடுதோம்மா, நீங்க போங்க" என்றால் போகக் கூடாது. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதனால் இப்போது திட்டம் எந்தப் பெயரில், மனு என்ன படிவத்தில் என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

என் குட்டை மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே சரியும்). பத்து சென்ட் இடம் போகும். கொள்ளளவு சுமார் 580 கன மீட்டர், அதாவது 5,80,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலத் தண்ணீர் விட ஏறக்குறைய 1,00,000 லிட்டர் வேண்டும். வெயில் குடிப்பதைக் கழித்தால் நாலு ஏக்கருக்கு ஓர் உயிர்த்தண்ணீர், அதாவது பயிர் வாடாமல் காப்பாற்றுகிற ஒரு பாய்ச்சல். கரிசல் களிமண் என்பதால் அடியில் தாள் விரிக்கவில்லை. செவலில் (செம்மண்ணில்) வெட்டினால் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும்.

இந்த வேலையில் ஜேசிபி விடக் கூடாது, கையால்தான் வெட்ட வேண்டும். அதனால் தை கடைசியில், ஈரம் இருக்கும்போதே தொடங்கச் சொல்லுங்கள். பங்குனியில் காய்ந்த கரிசலில் மண்வெட்டி தெறிக்கும். வெட்டின மண்ணை விளிம்பிலேயே கொட்டாமல் ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு சிறு குழி இருந்தால் மண் அதில் தங்கும், குட்டை தூராது. எதிர்ப் பக்கம் கல் பதித்து மறுகால் (மிஞ்சின தண்ணீர் வெளியேறும் வழி) வேண்டும். 2023 மாதிரி வந்தால் அதுதான் கரையைக் காப்பாற்றும்.

எனக்கு இரண்டு ஏக்கர் செவல். அதில் ஈரம் நிற்கக் கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் மண்) அடித்தேன். கரம்பை மண் இலவசம். லோடிங்கும் டிராக்டர் வாடகையும் நம் செலவு. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. என் இரண்டு ஏக்கருக்கு 180 கன மீட்டர், அறுபது டிராக்டர் லோடு. 2024 ஜூலையிலிருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார், முன்பு மாதிரி கலெக்டர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். விண்ணப்பம் இணையம் வழி. உங்கள் தாலுகாவிலேயே இருக்கிற, மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் உள்ள கண்மாயாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கண்மாயில் எவ்வளவு மண் கிடந்தாலும் கிடந்ததுதான். அனுமதிச் சீட்டு டிரைவர் கையில் இருக்கட்டும். நடுவில் ரெண்டு லோடு செங்கல் சூளைக்குத் திரும்பினால் பிடிபடுவது சீட்டில் பெயர் உள்ள ஆள்தான்.

சொட்டுநீரில்தான் ஏமாந்தேன். சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஒரு கடைக்காரர், "முதல்ல குழாயப் போட்டுருவோம்க்கா, பேப்பர் பெறகு வரும்" என்றார். அரை ஏக்கர் மிளகாய்க்குப் போட்டேன். பணி ஆணைக்கு முன்னால் போட்டதற்கு மானியம் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. கைக்காசு போனது. மீதி ஒரு ஏக்கருக்கு வரிசையாகச் செய்தேன்: தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், புல வரைபடம், மண், நீர்ப் பரிசோதனை முடிவு, ஆதார், வங்கிப் புத்தகம். பதிவு செய்து, கம்பெனியை நானே தேர்ந்து, ஆணை வந்த பிறகே குழாய் இறக்கினேன்.

அதோடு கூட ஆழ்துளைக் கிணற்றுக்கும் 25,000 ரூபாய் வரை துணை மானியம் உண்டு. ஆனால் நிலத்தடி நீர்க் கணக்கில் உங்கள் குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு, பிர்க்கா) 'பாதுகாப்பானது' என்று இருந்தால்தான். போர்க்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன் வேளாண் பொறியியல் துறையில் அந்தக் கணக்கைப் பாருங்கள். மோட்டாருக்கு 15,000 வரை கிடைக்கும். நான் இன்னும் எழுதிப் போடவில்லை. போன கார்த்திகையில் குட்டை முக்கால் நிரம்பியது. கொழுந்தனார் வீட்டு டீசல் எஞ்சினை இரவல் வாங்கித்தான் உளுந்துக்கு ஒரு தண்ணீர் விட்டேன்.