அவுட்ஃபீல்டில் நிற்கும் பள்ளிப் பையனிடம் என்ன பார்க்க வேண்டும்?

கோலாலம்பூரில் பேஸ்பால் ஆடும் ஒரு பள்ளிப் பையனை, அதுவும் திடலின் தூரப் பகுதியில் நின்று பந்தைப் பிடிக்கும் அவுட்ஃபீல்டரை, மதிப்பிடச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டால், முதலில் ஸ்கோர் புத்தகத்தை மூடி வையுங்கள். நம் ஊரில் பேஸ்பால் ஆடும் பள்ளிகள் குறைவு. பையன்கள் பலரும் சாஃப்ட்பாலிலிருந்து வருகிறார்கள். வருடத்தில் கிடைக்கும் நல்ல ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், எதிரே பந்து வீசுகிறவனும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பையன்தான். இந்த நிலைமையில் 'பத்துக்கு ஆறு அடித்தான்' என்ற கணக்கிலிருந்து அவன் எவ்வளவு தூரம் போவான் என்று உங்களால் சொல்ல முடியாது.

ஆட்டங்கள் குறைவாக இருக்கும் இடத்தில் திறமை தப்பிப்போவது அமெரிக்காவிலும் நடக்கிறது. மைக் ட்ரவுட் நியூ ஜெர்சியில் மில்வில் என்ற ஊரின் பள்ளியில் ஆடியவர். குளிர்ப் பிரதேசம், சீசன் சின்னது, திறமை தேடி வந்த ஸ்கவுட்டுகளுக்குக் கிடைத்த ஆட்டங்களும் கொஞ்சம்தான். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் அவர் 25-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே 24-ஆவது இடத்தில் வேறொரு பள்ளி அவுட்ஃபீல்டரை எடுத்திருந்தது, டெக்சாஸைச் சேர்ந்த ரேண்டல் கிரிச்சக். இருவருமே அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் வரை போனார்கள், ஆனால் ட்ரவுட் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். இன்னொரு பக்கம் பில்லி பீன். 1980-இல் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு முதல் சுற்றிலேயே மெட்ஸ் அணி எடுத்த அவுட்ஃபீல்டர், உயரம், ஓட்டம், கை பலம் எல்லாம் இருந்தது. மேஜர் லீக்கில் அவருடைய பேட்டிங் சராசரி .219 என்ற குறைந்த அளவில் நின்றுவிட்டது. பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிற விஷயங்களை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இருவரையும் சொல்கிறேன்.

ஸ்கவுட்டுகள் ஒரு பையனிடம் ஐந்து திறமைகளைப் பார்ப்பார்கள்: பந்தைத் தொட்டு அடிப்பது, பலமாக அடிப்பது, ஓட்டம், ஃபீல்டிங், எறிதல். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. நம் பையன்களுக்கு அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் எல்லாரும் 20, 30 என்றுதான் வருவார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒரு பழக்கம். ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள் எழுதுவார்கள், இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு ஆகலாம் என்று. இந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான் நீங்கள் திடலுக்குப் போகிறீர்கள்.

சரி, திடலுக்கு வருவோம். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள், பையன்கள் பையைத் திறந்து பந்தெறிந்து உடம்பைச் சூடாக்கும்போதே போய்விடுங்கள். ஓர் அவுட்ஃபீல்டருக்கு ஆட்டம் முழுக்க நான்கைந்து பந்து வந்தாலே அதிகம். சில நாள் ஒன்றுகூட வராது. பயிற்சியில் மட்டும்தான் பத்து இருபது பந்தைத் தொடர்ந்து பார்க்க முடியும்.

ஃபீல்டிங்கில் பலர் பார்ப்பது கேட்ச் பிடித்தானா இல்லையா என்பதை. அது கடைசி நொடி. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் நொடி. பந்து பேட்டில் பட்டதும் உங்கள் கண் பந்தின் பின்னாலேயே போகும், அதைக் கட்டுப்படுத்திப் பையனின் காலை மட்டும் பாருங்கள். சத்தம் கேட்ட கணமே சரியான திசையில் அடி எடுத்து வைக்கிறானா, இல்லை இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டுப் பிறகு திரும்பி ஓடுகிறானா? மேஜர் லீக்கில் ஸ்டாட்காஸ்ட் கேமராக்கள் இதைத் தனியாகவே அளக்கின்றன. முதல் மூன்று விநாடியில் சரியான திசையில் எத்தனை அடி கடந்தான் என்று எடுத்து, அதில் முதல் ஒன்றரை விநாடியை எதிர்வினை என்றும் அடுத்த ஒன்றரை விநாடியை வேகம் என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் அந்தக் கேமரா இல்லை, ஆனால் ஹோம் பிளேட்டும் (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) பையனும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து கைபேசியில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எந்தப் பந்தைச் சோதிக்க வேண்டும் என்றால், அவன் தலைக்கு நேராக வருகிற பந்தை. இடமோ வலமோ போகிற பந்தின் வளைவு கண்ணுக்குத் தெரியும், நேராக வருவது முன்னே விழுமா பின்னே போகுமா என்பதைக் கணிப்பது கஷ்டம். பயிற்றுநரிடம் சொல்லி அப்படி ஏழெட்டுப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பையன் முதலில் ஒரு காலைப் பின்னே வைத்து உடம்பைத் திருப்பிக்கொள்வான், பந்தைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே ஓடுவான். சுமாரான பையன் முகத்தைப் பந்துக்குக் காட்டியபடியே பின்னால் பின்னால் தள்ளாடிப் போவான். இது சொல்லிக்கொடுத்தால் வருகிற விஷயம்தான், அதனால் இதற்காக ஒருவனை ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றாவது பந்திலும் அதே தப்பா, இல்லை அவனே யோசித்து மாற்றிக்கொண்டானா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

நம் திடல்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு. பேஸ்பால் விதிப் புத்தகம் ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. பள்ளித் திடலில் கால்பந்துக் கம்பம் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பிளேட்டை வைக்கிறார்கள், ஆக மாலை ஐந்தரை மணிக்கு வெயில் யார் கண்ணில் விழும் என்பது திடலுக்குத் திடல் மாறும். வெயில் கண்ணில் படும் பையன் கையுறையைத் தூக்கி மறைத்துக்கொண்டு ஆடுகிறானா, பக்கவாட்டில் நின்று பந்தைப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அப்புறம், வேலி இல்லாத திடலில் இரண்டு ஃபீல்டருக்கு நடுவே உருண்டு போகிற பந்தெல்லாம் ஹோம் ரன் ஆகிவிடும், அடித்தவனை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பந்து எங்கே முதலில் தரையில் பட்டது என்று மட்டும் எழுதுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நான்கு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். மழைக்குப் பின் ஈரப் புல்லில் வைத்து ஒருவனின் ஓட்டத்தை அளந்து எழுதுவது அவனுக்குச் செய்யும் அநியாயம், இன்னொரு நாள் போங்கள்.

எறிதலுக்கு வருவோம். வேகத்தைவிடப் பந்து போகிற விதத்தைப் பாருங்கள். தாழ்வாகக் கிளம்பி, கடைசி வரை தொய்யாமல், நேராகப் போனால் அந்தக் கையில் விஷயம் இருக்கிறது. வானத்துக்கு ஏறிப் பொத்தென்று விழுந்தாலோ, பக்கவாட்டில் வளைந்து ஓடினாலோ, பிடியையும் கை வரும் கோணத்தையும் பாருங்கள், பல நேரம் அதைத் திருத்திவிடலாம். ஸ்பீடு கன் இருந்தால், அவுட்ஃபீல்டிலிருந்து மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர், எறிகிற பள்ளிப் பையனை அமெரிக்காவிலேயே திரும்பிப் பார்ப்பார்கள். நம் பையன் அதற்கு எவ்வளவோ கீழே இருப்பான், பரவாயில்லை. ஒரு வேண்டுகோள்: கை சூடாகாமல் 'இன்னும் ஒரு தடவை, இன்னும் வேகமா' என்று எறியச் சொல்லாதீர்கள். பதினைந்து பதினாறு வயதில் முழங்கையிலும் தோளிலும் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், உங்கள் குறிப்பேட்டுக்காக ஒரு பையனின் கை போய்விடக் கூடாது. முழு பலத்தில் ஐந்தாறு எறிதல் போதும்.

நல்ல கை வேண்டுமென்றால் பேஸ்பால் திடலில் மட்டும் தேடாதீர்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களைப் பிட்ச்சர்களாக, அதாவது பந்து வீசுகிறவர்களாக, ஒப்பந்தம் செய்தது. ஒரு மேஜர் லீக் அணியே ஈட்டிக்காரர்களை நம்பி எடுத்தது என்றால், பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஈட்டி எறிகிற படிவம் 4 பையனை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்? பவுண்டரியிலிருந்து ஸ்டம்புக்கு எறிந்து பழகிய கிரிக்கெட் பையன்களும் சட்டென்று பழகிக்கொள்வார்கள். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல், பேஸ்பால் 149 கிராமைத் தாண்டாது, கைக்கு அது லேசாகவே இருக்கும். இடக்கையால் எறிகிறவன் என்றால் இன்னும் நல்லது, பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டில் அவனுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் தவிர இடம் கிடைப்பது அரிது, அவுட்ஃபீல்டில் அந்தத் தடையே இல்லை.

ஓட்டத்தை அளப்பது சுலபம். 60 கஜம், அதாவது 55 மீட்டர்: ஏழு விநாடிக்குள் முடித்தால் நல்ல வேகம், 6.7-க்குக் கீழே வந்தால் அவுட்ஃபீல்டின் நடுப்பகுதியான சென்டர் ஃபீல்டைப் பற்றி யோசிக்கலாம். பேட் பந்தைத் தொட்ட கணத்திலிருந்து கால் ஃபர்ஸ்ட் பேஸில் படும்வரை, வலக்கை ஆட்டக்காரருக்கு 4.3 விநாடி, இடக்கைக்கு 4.2 என்பது மேஜர் லீக் சராசரி. சாஃப்ட்பால் திடலில் எடுத்த நேரத்தை இதோடு ஒப்பிடாதீர்கள், அங்கே பேஸ்களுக்கு இடையே 18.3 மீட்டர்தான், பேஸ்பாலில் 27.4.

பேட்டிங்தான் கஷ்டமான பகுதி, கடைசியில் ஓர் அவுட்ஃபீல்டரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், லெஃப்ட் ஃபீல்டிலும் ரைட் ஃபீல்டிலும் நிற்கிறவனிடம் ரன் எதிர்பார்ப்பார்கள். மணிக்கு 90 மைல் பந்து பிட்ச்சரின் கையை விட்டதிலிருந்து பிளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடி. நம் பள்ளி ஆட்டங்களில் வருகிற பந்து அதைவிட மிக மெதுவானது, அதில் யார் வேண்டுமானாலும் நன்றாகத் தெரிவார்கள். அதனால் அடித்த பந்தைவிட அடிக்காமல் விட்ட பந்தைப் பாருங்கள். வெளியே போகிற பந்துக்குத் தோள் அசையாமல், கண்ணால் கேட்ச்சரின் கையுறை வரை தொடர்ந்து போய் விடுகிறானா? பயந்து ஒதுங்குகிறானா? அதேபோல ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) எந்தப் பக்கம் போகிறது என்று குறியுங்கள். மெதுவான பந்துக்கே எதிர்ப்பக்கம் தாமதமாக ஃபவுல் அடிக்கிறவன் வேகமான பந்தில் திணறுவான். முடிந்தால் பந்து எறியும் இயந்திரத்தின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள், மர பேட்டைக் கையில் கொடுத்து. அலுமினிய பேட் தவறான இடத்தில் பட்ட பந்தையும் தூரம் அனுப்பிவிடும், மர பேட்டில் நடுவில் பட்டால்தான் அந்தச் சத்தம் வரும். வேகம் கூடக் கூட அவன் வீச்சு நீளமாகிறதா, சுருங்கிக்கொள்கிறதா? சுருக்கத் தெரிந்த பையனுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

அடுத்தது உடம்பு. நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த வருடத்தை வைத்துத்தான். 15 வயதுக்குக் கீழ் என்ற ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்கிறார்கள், அந்த வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். மீசை முளைத்த பையன் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருப்பான், இரண்டு வருடம் கழித்து மற்றவர்கள் அவனை எட்டிப்பிடிப்பார்கள். ஆகவே பிறந்த மாதத்தைக் கேட்டு எழுதுங்கள். அப்பா, அம்மா உயரத்தைப் பாருங்கள், ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான் என்று வீட்டில் கேளுங்கள். திடீரென்று வளர்ந்த பையனுக்குக் கொஞ்ச நாள் கைகால் சொன்னபடி கேட்காது, அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். ஒல்லிப் பையன்களை ஒதுக்கவும் வேண்டாம். பின்னாளில் நட்சத்திரங்களான இருவரைப் பாருங்கள்: இச்சிரோ ஜப்பானின் 1991 டிராஃப்டில் நான்காவது சுற்றில்தான் போனார், மூக்கி பெட்ஸ் 2011-இல் ஐந்தாவது சுற்றில் இன்ஃபீல்டராக எடுக்கப்பட்டு அப்புறம்தான் அவுட்ஃபீல்டுக்கு வந்தார்.

பந்து வராத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதற்கென்று ஓர் இன்னிங்ஸை முழுதாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் இடம் மாறி நிற்கிறானா, லெஃப்ட் ஃபீல்டுக்குப் பந்து போனால் சென்டரிலிருந்து துணைக்கு அவன் பின்னால் ஓடி வருகிறானா, 'எனக்கு எனக்கு' என்று சத்தமாகக் கூப்பிடுகிறானா. நம் பையன்களில் சிலர் பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தக் கூச்சப்படுவார்கள், இரண்டு பேர் மோதிக்கொள்வதும் பந்து நடுவில் விழுவதும் அதனால்தான். ஆட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்த நாலாவது இன்னிங்ஸ் பந்து ஏன் தலைக்கு மேல போச்சு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "வெயில் அண்ணே" என்றால் சரி. "நான் ரொம்ப முன்னாடி நின்னுட்டேன் அண்ணே, அவன் போன தடவையே தூரமா அடிச்சான்" என்றால் அந்தப் பதிலை அப்படியே வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டாரிடம் பேசும்போது அமெரிக்கக் கனவு எதையும் விற்காதீர்கள். எஸ்பிஎம் பொதுத்தேர்வு வருகிற வருடத்தில் அம்மாவின் கவலை டியூஷன் நேரத்தைப் பற்றித்தான் இருக்கும், அது நியாயமான கவலை. வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, யார் கூட்டிப்போய்க் கூட்டி வருவது, கையுறைக்கும் ஸ்பைக்ஸுக்கும் எவ்வளவு ஆகும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிய குறிப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். இன்னொரு திடலில், இன்னொரு பிட்ச்சருக்கு எதிராக, முடிந்தால் அவன் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் மறுபடி பாருங்கள். அப்புறம் ஒரு மூன்று மாத இடைவெளி விட்டு, முதல் தடவை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பின்னால் ஓடும் விதம் மாறியிருக்கிறதா, எறிகிற பந்து இப்போது தாழ்வாக நேராகப் போகிறதா, வெளிப்பந்தை விடக் கற்றுக்கொண்டானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்கப்புறம் அந்த இரண்டாவது எண்ணை எழுதுங்கள்.