ரொறன்ரோவில் முதல் மார்கழி

மார்கழியில் கனடாவுக்கு வெளிக்கிடுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற புத்திமதி ஒன்றுதான்: "குளிருக்கை வெளியிலை திரியாதேங்கோ." ரொறன்ரோவில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நான் நேர்மாறாகச் சொல்கிறேன். வெளியே போங்கள். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம். பின்னேரம் நாலே முக்காலுக்கெல்லாம் பொழுதுபட்ட பிறகு பேஸ்மன்ற் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் ஆளைத் தின்னும்.

முதலில் நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குப் போங்கள். கோடையில் தண்ணீர்த் தடாகமாக இருப்பதை மாரியில் உறையவைத்து ஸ்கேற்றிங் தளமாக்கி விடுவார்கள். பெரிய நத்தார் மரம், சுற்றிவர விளக்குகள். பார்க்கவும் சறுக்கவும் காசில்லை. சறுக்குச் சப்பாத்தை வாடகைக்கு எடுத்தால் அதற்கு மட்டும் காசு. நான் முதல் நாள் கரையோரமாக ஊர்ந்து ஒரு சுற்று முடிப்பதற்குள், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று என்னை மூன்று தரம் கடந்து போனது, அதுவும் பின்பக்கமாக. வெட்கப்பட வேண்டாம், அங்கே எல்லோரும்தான் விழுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஹெல்மற் கட்டாயம் போடுங்கள். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அல்பேர்ட் கம்பல் சதுக்கத்திலும் இதேபோல ஒரு தளம் இருக்கிறது.

போக்குவரத்துச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயணக் காசு கட்டுகிற பிறெஸ்ரோ அட்டையை ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ், சப்வே எதிலும் மாறி மாறி ஏறலாம். பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம். காற்று முகத்தில் அறைந்தால் யூனியன் நிலையத்திலிருந்து நிலத்துக்குக் கீழே நடந்து போங்கள். பாத் என்று சொல்லும் அந்த நடைபாதை வலை 30 கிலோமீற்றர் வரை நீளமானது. நான் பல தடவை வழி தவறியிருக்கிறேன், ஆனால் சூடாகத் தவறினேன்.

டிஸ்ரிலரி என்கிற பழைய சாராய வடிசாலை வளவில் நத்தார் சந்தை போடுவார்கள். 1832 இல் தொடங்கிய வடிசாலை, செங்கல் கட்டடங்கள், வாகனம் ஓடாத தெருக்கள். அழகான இடம்தான், ஆனால் சனிக்கிழமை இரவில் நல்லூர்த் தேர்ச் சனம் மாதிரி நெரியும், நுழைவுச் சீட்டும் வேண்டும். கிழமை நாளில் பகலில் போங்கள். சாப்பாடு வீட்டில் முடித்துவிட்டு, அங்கே ஒரு ஹொட் சொக்லற்றோடு நிறுத்துங்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒன்று: தடித்த ஜக்கெற் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், பஸ்ஸுக்குள் வேர்க்கும்போது கழற்றலாம். சப்பாத்துக்குக் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஊரில் வாங்கிய பளபளப்பான தோல் சப்பாத்தோடு வெளிக்கிட்டு, நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத ஐஸில் நான் விழுந்த விழுகைக்கு இரண்டு கிழமை இடுப்பு பதில் சொன்னது.

டிசம்பர் 25ஆம் திகதி அநேகமான கடைகள் பூட்டு. பால், பாண் முதல் நாளே வாங்கி வையுங்கள். அடுத்த நாள் மலிவு விற்பனை, அதற்காக விடிய எழும்பி வரிசையில் நிற்காதீர்கள். 31ஆம் திகதி இரவு ஏரிக்கரையில் வாணவேடிக்கை. அன்று இரவு பஸ்ஸும் சப்வேயும் வழக்கமாக இலவசம். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கிவிடும்.

சைவக் கோயில்களில் திருவெம்பாவை உண்டு, தமிழில் நத்தார்ப் பூசையும் உண்டு. ஆனால் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் தெருவில் வராது. வந்தால் அயலவன் பொலிசைக் கூப்பிடுவான். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மாரியில் நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். திருவெம்பாவை நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்குச் சறுக்குத் தளத்துக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்கு எடுங்கள். இங்கே விடிய நாலரை. அம்மா போனைப் படலையடிக்குக் கொண்டு வந்து பிடிப்பா.