ஓய்வு பெற்ற வழிகாட்டி நாயைப் பராமரிப்பது எப்படி?

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் பெரும்பாலும் 8 முதல் 10 வயதுக்குள் ஓய்வு பெறுகின்றன; கைப்பிடி வாரைக் கழற்றியதும், அதுவரை அடங்கியிருந்த குறும்பு வெளிப்படலாம். வெளிநாட்டிலிருந்து இராயபுரத்துக்குத் திரும்பிய நண்பருடன் வந்த லாப்ரடார், பணியில் இருந்தவரை கீழே கிடந்த உணவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லையாம்; இங்கோ, காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைக் கூடையோடு கட்டிலுக்கடியில் இழுத்துச் சென்று, வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆகவே, மீன் கூடையை எட்டாத உயரத்தில் வையுங்கள். எடை கூடினால் மூட்டுவலி மிகும் என்பதால், கெஞ்சும் கண்களுக்கு மயங்காமல் தீனியை அளந்தே கொடுங்கள். தார்ச்சாலை பாதத்தைச் சுடுமுன் நடைப்பயிற்சியை முடித்துவிடுங்கள். நண்பர் எழுந்தபோதெல்லாம் அது பழக்கம் மாறாமல் அவருடைய இடப்பக்கம் வந்து நிற்கும்; அதை நாங்கள் தடுத்ததில்லை, நீங்களும் தடுக்க வேண்டாம்.